கடலில் பாசியை விட்டவர்கள் யார், அள்ளப்போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவன். கொஞ்சம் கழனி, கொஞ்சம் கொல்லை. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் போக வேண்டும், கடலையே பார்க்காத பெரியவர்கள் இன்னமும் இங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவன் கடல்பாசியைப் பற்றி எழுதுகிறானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். மூன்று வருடமாக என் மல்லாட்டைக்கும் (வேர்க்கடலையை நாங்கள் சொல்கிற பெயர்) நெல்லுக்கும் நான் தெளிப்பது கடல்பாசிச் சாறுதான். உரக்கடையில் கேன் கேனாக விற்கிறது. டேங்குக்கு மூடியில் அளந்து ஊற்றித் தெளித்தால் செடி கருகருவென்று வருகிறது, பூ கொட்டுவது குறைகிறது. அது என் அனுபவம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சாறு எடுக்கிற பாசி எங்கே விளைகிறது, அது விளைகிற கடலுக்கு என்ன ஆகிறது என்று போன வருடம் ராமேஸ்வரம் போகும்வரை நான் யோசித்ததே இல்லை.

அப்பாவுக்குத் திதி கொடுக்கத்தான் போனோம். திரும்பும்போது மண்டபத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். தண்ணீரில் கட்டம் கட்டமாக மூங்கில் மிதவைகள், கரையில் ஓலைப் பந்தலுக்குக் கீழே நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கயிற்றில் துண்டு துண்டாக எதையோ முடிந்துகொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் தடித்த, வழவழப்பான, பச்சையும் பழுப்புமாகக் கிளைவிட்ட பாசி. "இது என்னம்மா?" என்று கேட்டேன். "பாசிண்ணே. பெப்சிப் பாசி" என்றார் ஒரு அம்மா. 2000ஆவது ஆண்டுக்குப் பிறகு அந்தக் குளிர்பான கம்பெனிதான் ஒப்பந்தம் போட்டு இங்கே வளர்க்க ஆரம்பித்தது, அதனால் அந்தப் பெயரே நின்றுவிட்டதாம். கம்பெனி பிற்பாடு கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பாசிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் கப்பாஃபைகஸ் அல்வரேஸி.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். 12 அடிக்கு 12 அடி மிதவை, அதில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் நாலு மடங்குக்கு மேல் வந்துவிடும், காயவைத்தால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ நிற்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் மிதவை உடைந்து போகும், வெயில் அதிகமானால் பாசி வெளுத்து அழுகும். அப்புறம் நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: "எங்களுக்குச் சோறு போடுதுண்ணே, பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்தப் பக்கம் தீவுல பவளப்பாறை மேல ஏறிக்கிச்சுன்னு பாரஸ்ட்டுக்காரங்க ஆள வச்சு அள்ளுறாங்க. அள்ள அள்ள வருது."

எனக்கு சுருக்கென்றது. ஏனென்றால் "அள்ள அள்ள வருது" என்பது எங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று வருடா வருடம் நாங்கள் சொல்கிற வார்த்தை. ஆகாயத்தாமரையை ஜேசிபி வைத்து வாரிக் கரையில் போடுவோம், போட்டோ எடுப்போம், அடுத்த மழைக்கு ஏரி மறுபடி பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடியிருக்கும்.

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் தம்பி மகளும் உதவினாள். இந்தப் பாசி நம் கடலுக்குச் சொந்தமானது கிடையாது, பிலிப்பைன்ஸ் பக்கத்தது. 1980களில் மத்திய அரசின் உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்து முதலில் குஜராத் கடலில் வளர்த்துப் பார்த்தது, பிறகு 1990களின் நடுவில் மண்டபத்துக்கு வந்தது. இதிலிருந்து எடுக்கிற கேரகீனன் என்ற பசைப் பொருள் ஐஸ்கிரீமிலிருந்து டூத் பேஸ்ட் வரைக்கும் போகிறது. சாறு எங்கள் கழனிக்கு வருகிறது.

மண்டபத்துக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்த இடம். அதில் பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற குருசடைத் தீவில், உயிருள்ள பவளத்தின் மேலேயே இந்தப் பாசி ஏறிப் படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பவளம் என்பது கல் மாதிரித் தெரிந்தாலும் உயிர். அதற்குள் குடியிருக்கிற நுண்பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுக்கிற சாப்பாட்டில்தான் அது வாழ்கிறது. மேலே கம்பளி மாதிரி இந்தப் பாசி மூடினால் வெளிச்சம் போச்சு, சாப்பாடு போச்சு, கொஞ்ச நாளில் பவளம் செத்து வெறும் கல்லாகிவிடும். பிறகு பக்கத்தில் இருக்கிற வேறு தீவுகளிலும் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பவளங்கள் ஏற்கனவே 2010இலும் 2016இலும் கடல் சூடாகி வெளுத்து அடிபட்டவை, மிச்சமிருக்கிறதுதான் இப்படி மூடிப்போகிறது.

இதில் விஷயம் என்னவென்றால், இந்தப் பாசிக்கு விதையே தேவையில்லை. விரல் நீளத் துண்டு ஒன்று உடைந்து மிதந்துபோய் ஒரு பாறை இடுக்கில் மாட்டினால் போதும். பவளத்தோடு ஒட்டிக்கொண்டதைப் பிய்த்தெடுத்தாலும் அடியில் மிஞ்சுகிற கொஞ்சம் மறுபடி தழைக்கிறது. வாழைக்கட்டையும் கோரைக்கிழங்கும் தெரிந்த விவசாயிக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வளர்க்கிறது மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம், பவளம் இருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் பாம்பன் கால்வாய் திறந்து கிடக்கிறது, வடகிழக்குப் பருவக்காற்றில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே அடித்துக்கொண்டு போகிறது, மிதவை உடைவதும் அந்த மாதங்களில்தான்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். இது வித்துகள் மூலம் நம் கடலில் பரவவில்லை, மீன்கள் இதை மேய்ந்து கட்டுக்குள் வைத்துவிடும், தீவில் பிடித்திருப்பது சின்ன இடம்தான், ஆயிரக்கணக்கான குடும்பம் பிழைக்கிறது என்கிறார்கள். கடைசியில் சொன்னதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களை என் கண்ணால் பார்த்தவன் நான். முதல் மூன்றும்தான் எனக்கு ஏற்கவில்லை. சின்ன இடம் என்று சொல்வது ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே மத்தியதரைக் கடலில் காலெர்பா டாக்சிஃபோலியா என்ற பச்சைப் பாசியை முதலில் பார்த்தபோது அது சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுதான், ஒரு கட்டில் விரிக்கிற இடம்கூட இல்லை. ஐந்து வருடத்தில் ஒரு ஹெக்டேர் ஆனது, பிறகு பல நாட்டுக் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அதே பாசி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாக் காயலில் தெரிந்தபோது அவர்கள் காலத்தை வீணடிக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி அடியில் குளோரின் விட்டுக் கொன்றார்கள், ஒழிந்துவிட்டது என்று 2006இல்தான் அறிவிக்க முடிந்தது, செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். சீக்கிரம் பார்த்து உடனே இறங்கியவர்களுக்கே இந்தச் செலவு!

நம் மண்டபத்துப் பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஹவாய்த் தீவில் 1970களிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கனியோஹே விரிகுடாவில் பவளத்தின் மேல் ஏறியது. படகில் பெரிய உறிஞ்சு குழாயை வைத்து உறிஞ்சி எடுத்தும் பார்த்தார்கள், அந்த ஊர்க் கடல் முள்ளெலிகளைக் குஞ்சு பொரித்து வளர்த்துக் கொண்டுபோய் மேய விட்டார்கள். இங்கே கம்பெனி மிதவை கட்ட ஆரம்பித்த காலத்திலேயே ஹவாயில் நடந்தது ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி எங்கள் ஊர்க் கதை. வேலிகாத்தான் என்று நாங்கள் சொல்கிற சீமைக் கருவேலத்தை 1870களில் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள், விறகுக்காகவும் வறட்சியைச் சமாளிக்கவும் பிற்பாடு அரசே விதை தூவியது. தூவியபோது நல்லெண்ணம்தான். இன்றைக்குப் பாலாற்றுப் படுகையைப் பாருங்கள், ஏரி உள்வாயைப் பாருங்கள், கவுண்டன்யா ஆற்றைப் பாருங்கள். தண்ணீர் ஓட வேண்டிய இடமெல்லாம் முள்ளுக்காடு. 2021 நவம்பரில் பாலாற்றில் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வெள்ளம் புரண்டபோது நாங்கள் சந்தோஷத்தில் போய்ப் பார்த்தோம், தண்ணீர் இந்தப் புதரில் மோதி இரண்டு பக்கமும் கரையைத் தின்றுகொண்டு போனது. வேலிகாத்தானை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் அகற்றுகிற கூலி யார் தலையில்? ஊராட்சி தலையில், அப்புறம் என்னைப் போன்றவன் தலையில். போன வருடம் என் கொல்லை ஓரத்தில் வேரோடு பிடுங்க ஜேசிபிக்கு நான் கொடுத்த பணம், அந்தப் பட்டத்து மல்லாட்டையில் நின்ற லாபத்தைவிட அதிகம். விதை தூவியவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்து இதற்கு விடை எங்கள் வேலூரின் பெயரிலேயே இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்து இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பயிருக்கு ஆகாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்ததை முன்னால் வைத்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அதில் இரண்டு விஷயத்தை இந்த நாட்டின் சட்டம் என்றே சொன்னது. ஒன்று, கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அந்தத் தொழிலைச் செய்கிறவர் மேல். இன்னொன்று, கெடுத்தவரே பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுப்பதோடு கெட்டுப்போன இயற்கையைச் சீர்செய்கிற செலவையும் ஏற்க வேண்டும். நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். எங்கள் கிணறுகளுக்கு அது தாமதமாக வந்தது. 2025 ஜனவரியில் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், கெட்ட பிறகு சீர்செய்வது எவ்வளவு நீளமான வேலை என்று. மன்னார் வளைகுடாவுக்கு இன்னும் அந்த அளவு தாமதமாகிவிடவில்லை. அந்தத் தீர்ப்பைப் பாசிக்கும் பொருத்திப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. கடல்பாசிக்கு இப்போது பெரிய பணம் வருகிறது. மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு மட்டும் 640 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023இல் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பழைய விதைப்பாசி வெயிலில் நொந்து விளைச்சல் விழுந்துவிட்டது என்பதால் வெளிநாட்டிலிருந்து புது விதைப்பாசி கொண்டுவரப் பார்க்கிறார்கள், அதற்காகவே 2024இல் மத்திய மீன்வளத் துறை இறக்குமதி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. தனிமைப்படுத்தி வைத்துச் சோதிக்க வேண்டும், ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வெயிலைத் தாங்குகிற, இன்னும் வேகமாக வளர்கிற ரகம் வேண்டும் என்று தேடிப்பிடித்துக் கொண்டுவந்தால் அது மிதவையில் மட்டும் வேகமாக வளருமா? பவளத்தின் மேலும் அதே வேகத்தில்தானே வளரும்?

2005லேயே தமிழக அரசு இந்தப் பாசியை மன்னார் வளைகுடாவில் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த உத்தரவைத் தளர்த்தாமல் இருக்க வேண்டும், அது முதலில். அப்புறம், உரிமம் வாங்குகிற ஒவ்வொரு நிறுவனமும் அகற்றும் செலவுக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், மிதவை கட்டுகிற பெண்களிடமிருந்து ஒரு பைசா பிடிக்கக் கூடாது, பாசியை வாங்கி விற்று லாபம் பார்க்கிற கம்பெனியிடமிருந்துதான் பிடிக்க வேண்டும். அந்தப் பணத்தில் தீவுகளைச் சுற்றி மாதா மாதம் பார்க்கிற, பிடித்த இடத்தில் உடனே அள்ளுகிற வேலையை அந்த ஊர் ஆட்களுக்கே கூலி கொடுத்து நிரந்தரமாகச் செய்ய வைக்கலாம். கடலுக்கடியில் மூச்சடக்கி வேலை செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இப்போது வனத்துறை பணம் வரும்போது அள்ளுவதும் பணம் தீர்ந்தால் விடுவதும் எங்கள் ஏரி வேலை மாதிரியேதான் ஆகும்.

நம் கடலிலேயே பாசிக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று அந்தப் பெண்கள் வரிசையாகப் பெயர் சொன்னார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கித் தலைமுறையாக இவற்றைச் சேகரித்தவர்கள், அளவுக்கு மேல் எடுத்தால் தங்களுக்கே இல்லாமல் போகும் என்று மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். மரிக்கொழுந்திலும் கஞ்சிப் பாசியிலும் அகர் என்கிற இன்னொரு பசைப் பொருள் கிடைக்கிறது, அதற்கும் நல்ல விலை உண்டு. இவற்றை வளர்க்கிற முறைகளை ஆய்வு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, ஆனால் வளர்ச்சி மெதுவு, மகசூல் குறைவு என்று கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. 640 கோடியில் ஒரு நல்ல பங்கை அதற்குக் கொடுங்கள். மெதுவாக வளர்ந்தால் வளரட்டும், உடைந்து மிதந்து போனாலும் அது நம் கடலுக்குப் பழகின பாசி, அதை மேய்கிற மீனும் அங்கேயே இருக்கிறது.

எங்களைப் போல வாங்குகிறவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் வாங்குகிற கேனில் "கடல்பாசிச் சாறு" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. எந்தப் பாசி, எந்தக் கடலில் விளைந்தது, ஒரு வார்த்தை இல்லை. விதை நெல் வாங்கினால் ரகம், நிறை, முளைப்புத் திறன் எல்லாம் அச்சடித்துத் தருகிறார்கள், இதற்கு மட்டும் ஏன் முடியாது? உரக்கடைக்காரரிடம் கேட்டேன், "எனக்குத் தெரியாதுண்ணா, கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்றார். அது நடந்து நாலு மாதம் ஆகிறது. வேளாண்மைத் துறை மனது வைத்தால் ஓர் உத்தரவில் இதைச் செய்ய முடியும். தெரிந்தால் நான் பார்த்து வாங்குவேன், எங்கள் உழவர் குழுவில் இருக்கிற மற்றவர்களும் அப்படியே, குழுவில் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் நாளிதழில் கடல்பாசி பற்றிப் போன இரண்டு வருடத்தில் நான் பார்த்த செய்திகள் எல்லாம் லாபக் கணக்கு, மானியம், மகளிர் குழுக்களின் வெற்றி. அவை பொய்யில்லை. கூடவே உங்கள் ராமநாதபுரம் செய்தியாளரை வனத்துறை அனுமதியோடு குருசடைக்கு அனுப்புங்கள். 2008இல் பாசி மூடிய இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது, எத்தனை முறை அள்ளினார்கள், அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், இப்போது எத்தனை தீவில் இருக்கிறது என்று படத்தோடு போடுங்கள். அடுத்த மல்லாட்டைப் பட்டம் வருவதற்குள் வந்தால் நன்றாக இருக்கும், கேன் வாங்குவதற்கு முன்னால் எங்கள் குழுவில் எல்லோரும் உட்கார்ந்து படிப்போம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.